1950-களின் அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தாளர்: அவர் எழுதியவற்றின் பட்டியல் தயாரிப்பது எப்படி?

இணையத் தரவுத்தளத்தில் இருந்து தொடங்கலாம், தவறில்லை. ஆனால் அங்கே கிடைப்பதையெல்லாம் பென்சிலில் எழுதிவையுங்கள். பாதியை அழிக்க வேண்டிவரும். ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்கு ஓர் அட்டை: தொடர் (வாரம் ஒரு தனி நாடகம் வரும் நிகழ்ச்சி), தலைப்பு, நெட்வொர்க், ஒளிபரப்பான நாள், திரையில் வந்த பெயர், ஆதாரம். மூலக்கதை மட்டும் இவருடையதா, நாடகமாக்கியதும் இவரா என்பதையும் குறியுங்கள். மற்றவர் கதையை நாடகமாக்கிக் கொடுப்பது அன்று அன்றாட வேலை.

தொடர்ப் பெயர்கள் வழுக்கும். பல சமயம் விளம்பரதாரர் பெயரே தொடரின் பெயர். 1951 முதல் என்பிசி நெட்வொர்க்கின் ஞாயிறு இரவு நேரத்தை ஃபில்கோ, குட்இயர் என்ற இரு நிறுவனங்களும் வாரம் மாற்றி வாரம் பகிர்ந்துகொண்டன. தயாரிப்புக் குழு ஒன்றுதான். 1953 அக்டோபர் முதல் 1955 ஜனவரி வரை கிராஃப்ட் நாடகங்கள் என்பிசியிலும் ஏபிசியிலும் தனித்தனியாக வந்தன. நெட்வொர்க்கைக் குறிக்காத அட்டை இங்கே பயன்படாது.

தேதியில்தான் அதிகம் சறுக்குவார்கள். நாடகங்கள் நேரலையில் நடந்தன. கேபிள் இணைப்பு எட்டாத நிலையங்களுக்கு, மானிட்டர் திரையைப் பெரும்பாலும் 16 மி.மீ. ஃபிலிமில் படமெடுத்த கினெஸ்கோப் பிரதி தபாலில் போகும். அந்த ஊர்ப் பத்திரிகையில் பல நாள் தள்ளியே அறிவிப்பு வரும். ஆகவே நியூயார்க்கில் இருந்து ஒளிபரப்பானதற்கு நியூயார்க் நாளிதழையே பாருங்கள். கடைசி நேரத்தில் நாடகம் மாறுவதும் உண்டு. அடுத்த நாள் விமர்சனம் கிடைத்தால் சந்தேகம் தீரும். 1956 இறுதிக்கு முன் நெட்வொர்க்குகளிடம் வீடியோ டேப் கிடையாது. அதற்கு முந்தைய 'மறு ஒளிபரப்பு', கினெஸ்கோப்பாக இருக்கலாம். நடிகர்கள் மறுபடி நடித்ததாகவும் இருக்கலாம். எழுத்தாளர் ராட் செர்லிங்கின் 'பேட்டர்ன்ஸ்' நாடகம் 1955 ஜனவரி 12 அன்று வந்து, பிப்ரவரி 9 அன்று மீண்டும் நேரலையாக நடிக்கப்பட்டது. எழுதிய பிரதி ஒன்று, நிகழ்வு இரண்டு.

1950-க்குப் பிறகு பட்டியல் திடீரென்று காலியானால் 'எழுதுவதை விட்டார்' என்று முடிவுகட்டாதீர்கள். அந்த ஜூனில் வந்த 'ரெட் சேனல்ஸ்' என்ற கையேடு 151 பேரைக் கம்யூனிஸ்ட் சார்புள்ளவர்கள் என்று சுட்டியது. இப்படி வேலை மறுக்கப்பட்டோரின் கருப்புப் பட்டியலில் சிக்கிய பலர் வேறொருவர் பெயருக்குப் பின்னால் இருந்து எழுதினார்கள். ஆபிரகாம் பொலான்ஸ்கி, வால்டர் பெர்ன்ஸ்டீன், அர்னால்ட் மானாஃப் மூவரும் 'யூ ஆர் தேர்' தொடருக்கு அப்படித்தான் எழுதினார்கள். நடையை வைத்து ஊகிப்பது ஆபத்து. கடிதம், காசோலை அடிக்கட்டை, எழுத்தாளர் சங்கத்தின் திருத்தம் இவற்றில் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும்.

அடுத்து ஆவணக் காப்பகம். மேடிசனில் உள்ள விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் செர்லிங், பேடி செயெஃப்ஸ்கி, ரெஜினால்ட் ரோஸ் ஆகிய எழுத்தாளர்களின் தாள்கள் இருக்கின்றன. உங்கள் எழுத்தாளர் பெயரில் தொகுப்பு இல்லாவிட்டால், அவருக்கு வேலை கொடுத்த தயாரிப்பாளர், கதைகளைத் தேர்ந்து திருத்திய ஆசிரியர் (story editor) பெயர்களில் தேடுங்கள். பெட்டி எண்ணையும் கோப்பு எண்ணையும் அட்டையில் ஏற்றிவிடுங்கள். பிரதியின் முகப்பில் உள்ள தேதி அந்த வரைவின் தேதி, ஒளிபரப்பு நாள் அல்ல. விற்றும் ஒளிபரப்பாகாத பிரதிகளுக்குத் தனிக் கட்டு போடுங்கள்.