லாஸ் கிளாசியாரெஸ்: பனியாறுகளின் பூங்காவில் எதை, எப்படிப் பார்ப்பது

அர்ஜென்டினாவின் லாஸ் கிளாசியாரெஸ் தேசியப் பூங்காவுக்கு இரண்டு வாசல்: தெற்கே எல் கலஃபாத்தே, வடக்கே எல் சால்டேன் என்ற ஊர்கள். இடையே சுமார் 215 கி.மீ., பேருந்தில் மூன்று மணி நேரம். தெற்கே தங்கி வடக்கை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பத் திட்டமிடுபவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். ஆறு மணி நேரம் சாலையில் போகும். மிச்ச நேரத்தில் ஃபிட்ஸ் ராய் மலை மேகத்துக்குள் ஒளிந்திருக்கும். தெற்கே இரண்டு இரவு, வடக்கே மூன்று இரவு ஒதுக்குங்கள். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏற்ற காலம்.

முதலிடம் பெரிட்டோ மொரேனோ பனியாற்றுக்குத்தான் (பனியாறு என்றால் மலையிலிருந்து மெல்ல நகர்ந்து வரும் பெரும் பனிக்கட்டி). கலஃபாத்தேயிலிருந்து 80 கி.மீ. ஏரியை நோக்கி நிற்கும் அதன் முகப்பு 5 கி.மீ. அகலம், நீர்மட்டத்துக்கு மேல் சராசரியாக 70 மீட்டர் உயரம். எதிர்ச் சரிவில் படிகளும் பால்கனிகளுமாக நடைமேடைகள். எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் ஓடி முடிப்பதைவிட, கீழ்ப்பகுதியில் ஒரு பால்கனியைப் பிடித்து இரண்டு மணி நேரம் உட்காருவது மேல். பனி உடைந்து விழுவதைப் பார்க்கத்தானே வந்தோம்! வெடிச்சத்தம் கேட்டுத் திரும்பினால் கட்டி பாதி தண்ணீருக்குள் போயிருக்கும். ஒலி எப்போதும் பிந்தித்தான் வரும். ஆகவே காதை நம்பாமல் கண்ணை நம்புங்கள். முன்னால் சாய்ந்து, பின்னால் கருநீல விரிசலோடு நிற்கும் கோபுரத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் அடியிலிருந்து பொடிப்பொடியாகப் பனி உதிரத் தொடங்கினால் வீடியோவை ஓடவிடுங்கள். கம்பியைத் தாண்டிக் கரைக்கு இறங்கவே கூடாது. உடையும் கட்டியிலிருந்து தெறித்த சில்லுகள் பட்டு முன்பு உயிர்கள் போயிருக்கின்றன.

இந்தப் பனியாறு சில ஆண்டுகளில் எதிர்க்கரையைத் தொட்டு, ஏரியின் ஒரு கிளையை அடைத்துவிடும். தேங்கும் நீர் அடியில் குடைந்து, கடைசியில் பனிப்பாலமே இடிந்து விழும். 2004, 2016, 2018 ஆண்டுகளில் அப்படி நடந்தது. தேதி யாராலும் சொல்ல முடியாது. அதை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

பனிமேல் நடக்க வழிகாட்டியோடுதான் போக முடியும். வயது வரம்பு உண்டு. பதிவு செய்யுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். காலணியின் அடியில் இரும்பு முட்களைக் கட்டிவிடுவார்கள். மெல்லிய அடிப்பாகமுள்ள காலணியில் அவை கழன்றுவிடும், கெட்டியான ஷூ வேண்டும். கால்களைச் சற்று அகட்டி, பாதம் முழுவதையும் ஊன்றி மிதியுங்கள். தொளதொள பேன்ட்டில் முள் மாட்டித்தான் பலர் விழுகிறார்கள். விழும்போது கையைத்தான் ஊன்றுவோம், பனியின் மேற்பரப்போ கண்ணாடிச் சில்லுபோல் கீறும். கையுறை அதற்காகத்தான்.

உப்சாலா, ஸ்பெகாசினி பனியாறுகளுக்குப் படகு உண்டு. காற்று மிஞ்சினால் ரத்தாகும் என்பதால் அதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

வடக்கே 3,405 மீட்டர் ஃபிட்ஸ் ராய் சிகரத்தின் காலடியில் இருக்கிறது லகூனா தே லோஸ் த்ரெஸ் ஏரி. போகவர 20 கி.மீ.க்கு மேல், எட்டு ஒன்பது மணி நேரம். முதல் ஒன்பது கிலோமீட்டரை நம்பி வேகமாக நடந்தால் கடைசி ஒரு கிலோமீட்டர் பழிவாங்கும்: ஏறத்தாழ 400 மீட்டர் ஏற்றம், உருளும் கற்கள். இறங்கும்போது முழங்கால் நடுங்கும், ஊன்றுகோல் அவசியம். மூன்று நாளில் எது தெளிவாக விடிகிறதோ அந்த நாளை இதற்குக் கொடுங்கள். மேகம் மூடிய நாளில் ஊருக்குப் பக்கத்திலுள்ள சொரிஜோ தெல் சால்தோ அருவி போதும். அடுத்த நல்ல நாளுக்கு லகூனா தோர்ரே: போகவர 18 கி.மீ., ஏற்றம் குறைவு.

லகூனா தே லோஸ் த்ரெஸ் ஏரிக்கரையில் படம் எடுத்ததும் திரும்பிவிடாதீர்கள். இடப்பக்கமாகக் கரையோரம் சில நிமிடம் நடந்து அந்தச் சின்ன மேட்டில் ஏறினால், காலுக்குக் கீழே வெகு ஆழத்தில் லகூனா சூசியா என்ற இன்னொரு ஏரி தெரியும். விளிம்பில் காற்று ஆளைத் தள்ளும், உட்கார்ந்து பாருங்கள்.