மார்கழி சீசனுக்கு மெட்ராஸ் போற பெங்களூர்க்காரங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

அல்சூர்ல எங்க அபார்ட்மென்ட் பசங்க ரெண்டு பேர் இந்த வருஷம் முதல் தடவையா டிசம்பர் கர்நாடக சங்கீத சீசனுக்கு மெட்ராஸ் கிளம்பறாங்க. போன ஞாயித்துக்கிழமை அவங்க போட்டு வச்சிருக்கற எக்ஸெல் ஷீட்டைக் காட்டினாங்க, நாலு நாள், 13 கச்சேரி, கச்சேரி நடத்தற ஒவ்வொரு சபாவுக்கும் ஒரு கலர். பாத்ததும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சது, ஏன்னா 2012ல நான் போட்ட ஷீட்டும் இதேதான். அதனால எழுதறேன். போனை சைலன்ட்ல போடு, ரூமை முன்கூட்டியே புக் பண்ணு, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன்.

ஒரே நாள்ல மூணு சபா

நம்ம ஊர்ப் பழக்கம் வேற. ராமநவமிக்கு சாமராஜ்பேட்டை கோட்டை ஹைஸ்கூல் மைதானத்துல பந்தல் போட்டாங்கன்னா, சாயங்காலம் போய் உக்காந்தா ஒரு பெரிய கச்சேரி, மங்களம் பாடினதும் வீட்டுக்கு வந்துடுவோம். மெட்ராஸ்ல அப்படி இல்ல, மியூசிக் அகாடமி, நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, வாணி மஹால், மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ்னு எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல பாட்டு நடக்கும், எதை விடறதுன்னு மனசு வராது, எல்லாத்தையும் ஷீட்ல அடைச்சிடுவோம். மேப்ல பாத்தா கிட்டக்கிட்டதான் தெரியும். அங்கதான் மாட்டிக்கறோம்.

2012ல ஒரு நாள் நான் பண்ணது என்னன்னா, மத்தியானம் மயிலாப்பூர்ல ஒரு இலவசக் கச்சேரி. பாடின பொண்ணு தோடி ராகத்துல ஆலாபனையை, அதாவது வார்த்தை இல்லாம ராகத்தை மட்டும் விரிச்சுப் பாடறதை, ஆரம்பிச்சு மெதுவா மேல ஏறிட்டு இருந்தா, நான் வாட்ச்சைப் பாத்தேன், மணி 3.20, நாலு மணிக்கு டி.நகர்ல டிக்கெட் வாங்கியிருக்கேனேன்னு எழுந்து ஓடினேன். பனகல் பார்க்கிட்ட ஆட்டோ நகரவே இல்ல. போய்ச் சேர்ந்தா கதவுகிட்ட நின்னவர் பாட்டு முடியட்டும்னு நிறுத்திட்டார், மரக்கதவுல காதை வச்சுக்கிட்டு நின்னேன், வயலின் தெளிவா கேக்கல, மிருதங்கம் மட்டும் தொம் தொம்னு கேட்டுது. உள்ள போய் ஒரு மணி நேரம், அப்புறம் மூணாவது சபா ஞாபகம் வந்து மிருதங்கம் தனியா வாசிக்கற தனி ஆவர்த்தனத்துக்கு முன்னாடியே கிளம்பிட்டேன். அங்கயும் பாதியிலதான் நுழைஞ்சேன். மூணு கச்சேரி, ஒரு மெயின், அதாவது கச்சேரியோட பெரிய பாட்டு, கூட முழுசா கேக்கல.

ரெண்டு நாள் கழிச்சு திரும்பி வரும்போது பிருந்தாவன் எக்ஸ்பிரஸ்ல எதிர் சீட்ல ஒரு மாமா. அதே மயிலாப்பூர் கச்சேரிக்கு வந்திருந்தாராம். அந்தத் தோடில அந்தப் பொண்ணு நிரவல், அதாவது ஒரே வரியை விதவிதமா மாத்திப் பாடறதை, எந்த இடத்துல எடுத்தா, வயலின் எப்படி பதில் சொல்லிச்சுன்னு காட்பாடில ஆரம்பிச்சு ஜோலார்பேட்டை வரைக்கும் தொடைல தாளம் போட்டுக்கிட்டே சொன்னார். நானும் இருந்தேன் மாமா, நடுவுல எழுந்துட்டேன்னு சொல்ல வாய் வரல. இன்னிக்கும் நினைச்சா எரிச்சலாதான் இருக்கு.

ரெண்டரை மணி நேரக் கச்சேரின்னா ஆரம்பத்துல பாடற வர்ணம், சின்னக் கிருதிகள் (ஏற்கனவே இயற்றி வச்ச பாட்டுகள்), ஒரு விறுவிறுன்னு போற பாட்டு, இதெல்லாம் தாண்டி குரல் நல்லா பதமானதுக்கு அப்புறம்தான் மெயின் வரும், தனியோட சேத்து முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. கிருதியை எப்ப வேணா போன்ல கேட்டுக்கலாம். ஆலாபனை, நிரவல், ஸரிகமனு ஸ்வரங்களைக் கோத்துப் பாடற கல்பனாஸ்வரம், இதெல்லாம் அந்த நிமிஷத்துல தோணிப் பாடறது, மறுநாள் அதே ஆள் அதே ராகத்தைப் பாடினாலும் அது வேற. லேட்டா போய் சீக்கிரம் எழுந்தா நீங்க காசு குடுத்து வாங்கறது ஆட்டோ சவாரி மட்டும்தான்.

ஒரு நாளைக்கு ரெண்டு போதும், ரெண்டும் ஒரே ஏரியால. அகாடமியும் நாரத கான சபாவும் ஒரே டி.டி.கே. ரோடு, நடந்தே போயிடலாம். டி.நகர் போனா அன்னிக்கு டி.நகரோட இருங்க. காலை நேரம் மிஞ்சும், அதுக்கு மயிலாப்பூர் மாட வீதி இருக்கு, பாபநாசம் சிவன் முன்னாடி நடந்து பாடின மார்கழி பஜனை வீதி அது, கோலம் ஈரம் காயறதுக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு ராயர் மெஸ்ல இட்லி சாப்பிடுங்க.

பெரிய பேரை மட்டும் தேடறது

மத்தியான இலவசக் கச்சேரில பாடற சின்னப் பசங்களைக் கேளுங்க. முன்வரிசை கிடைக்கும், தம்புராவோட இழை கூடக் காதுல விழும். என் தோடியும் அங்கதான் போச்சு.

தனில எழுந்து கேன்டீன் போறது

வேண்டாம். மிருதங்கக்காரர் அவ்ளோ நேரம் பாடறவங்களுக்காக வாசிச்சவர், அவருக்குன்னு இருக்கற நேரம் அதுதான்.

சாப்பாட்டைக் கடைசில வச்சுக்கறது

சபா கேன்டீனுக்கு கச்சேரி டிக்கெட் வேண்டியதில்ல, யார் வேணா போகலாம், அதனாலதான் மத்தியான இலைச் சாப்பாட்டுக்கு அவ்ளோ கூட்டம். பந்தி ஆரம்பிக்கும்போதே உக்காந்துடுங்க. சாயங்காலம் கீரை வடை கண்ணுல பட்டா அப்பவே வாங்குங்க, கச்சேரி முடிஞ்சு வந்தா தட்டு காலி. அப்புறம் சாம்பார்ல வெல்லம் இல்லையேன்னு சொல்லாதீங்க, அது நம்ம ஊர் ருசி, அங்க புளியும் பெருங்காயமும்தான் பேசும்.

ப்ரோக்ராம் வந்தப்புறம் ரயில் டிக்கெட்

2024 நவம்பர்ல இருந்து ரிசர்வேஷன் 60 நாள் முன்னாடிதான் திறக்குது. டிசம்பர் 20க்கு ரயில் வேணும்னா அக்டோபர் 21 காலைல உக்காரணும். சபா லிஸ்ட் முழுசா வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தா வெயிட்டிங் லிஸ்ட்தான்.

குடை

டிசம்பர்லயும் அங்க மழை பெய்யும்.

சால்வை

ஏசி ஹால், ரெண்டரை மணி நேரம். எடுத்துக்கோங்க.