சளி மாத்திரையும் 'பேட் பர்னர்' டப்பாவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்ணாரப்பேட்டையிலோ மூலக்கடையிலோ ஒரு மெடிக்கலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். "அண்ணா, சளி காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க" என்று யாராவது வந்து கேட்பார்கள். நாலு கலரில் மாத்திரையை வெட்டி, காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பார் கடைக்காரர். பக்கத்துத் தெரு ஜிம்மில், கொழுப்பைக் கரைக்கும் என்று சொல்லி விற்கும் 'பேட் பர்னர்' டப்பா கைமாறிக்கொண்டிருக்கும். இது வேறு, அது வேறு என்று நினைப்பதுதான் முதல் தவறு.

பினைல்புரோப்பனோலமைன் என்றொரு மருந்து. மூக்கடைப்புக்கான சளி மாத்திரையிலும் அது இருந்தது, அமெரிக்காவில் பசியைக் குறைத்து ஒல்லியாக்கும் மாத்திரையிலும் அதுவே இருந்தது. அதன் வேலை ரத்தக் குழாய்களைச் சுருக்குவது. மூக்கில் சுருங்கினால் அடைப்பு விலகும், உடம்பு முழுக்கச் சுருங்கினால் பி.பி. எகிறும். பசி குறைய இதைச் சாப்பிட்ட பெண்களுக்கு மூளையில் ரத்தக்கசிவு வரும் அபாயம் பல மடங்கு கூடுவதை யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. 2000 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விற்பனையை நிறுத்தச் சொன்னது. வழக்குகள் குவிந்தன. அங்கங்கே கூட்டாட்சி நீதிமன்றங்களில் போட்டவற்றைச் சியாட்டிலில் ஒன்றாகச் சேர்த்து விசாரித்தார்கள். இந்திய அரசு தடை ஆணை போட்டது 2011 பிப்ரவரியில். நடுவில் பத்து வருடம் நாம் பாட்டுக்கு விழுங்கிக்கொண்டிருந்தோம்!

அந்த மருந்து போனாலும் அதன் வேலையைச் செய்யும் பினைலெப்ரின், சூடோஎபெட்ரின் இரண்டும் சளி மருந்துகளில் வருகின்றன. வீட்டில் பி.பி., இதய நோய் உள்ளவர்கள் இருந்தால், 'செட்' கேட்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். அந்த செட்டில் பெரும்பாலும் பாராசிட்டமாலும் இருக்கும். காய்ச்சல் விடவில்லையென்று மேலே தனியாக ஒரு பாராசிட்டமால் போட்டால், கணக்குத் தெரியாமலே அளவு ஏறும். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம். தாண்டினால் ஈரலுக்குத்தான் அடி.

"மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்பது அடுத்தது. எபெட்ராவும் மூலிகைதான். அதிலிருக்கும் எபெட்ரின் இதயத்தை விரட்டும், உடல் சூட்டை ஏற்றும். பால்டிமோர் பேஸ்பால் அணியின் ஸ்டீவ் பெக்லர் எடை குறைக்க எபெட்ரா மாத்திரை எடுத்துக்கொண்டு, சரியாகச் சாப்பிடாமல், புளோரிடா வெயிலில் பயிற்சி செய்தார். 2003 பிப்ரவரியில் வெப்பத் தாக்கில் இறந்தபோது வயது 23. மறுவருடமே அமெரிக்காவில் எபெட்ரா சப்ளிமெண்டுகளுக்குத் தடை வந்தது. போட்டிக்கு முன் எடையை இறக்க ரெயின்கோட் மாட்டிக்கொண்டு காசிமேடு பக்கம் வெயிலில் ஓடும் பாக்சிங் பையன்களுக்கு இதை அவர்கள் மாஸ்டர்தான் முதலில் சொல்ல வேண்டும். கூடவே இன்னொன்று: 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனிய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஆண்ட்ரியா ரடுகானிடமிருந்து தங்கத்தைப் பறித்தது ஒரு சளி மாத்திரை. போட்டியில் தடை செய்யப்பட்டிருந்த சூடோஎபெட்ரின் அதில் இருந்தது. கொடுத்ததோ அணியின் டாக்டர்.

டப்பாவில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண் இருந்தால் அரசே பரிசோதித்து அனுமதித்தது என்று நம்புகிறார்கள். அது உணவுப்பொருள் உரிமம், அவ்வளவுதான். எண்ணே இல்லாத டப்பாவைத் தொடவே வேண்டாம், அது வேறு கதை. 'இயற்கை' என்று விற்ற எத்தனையோ ஒல்லி மாத்திரைகளில் சிபுட்ரமின் கலந்திருந்தது பிடிபட்டிருக்கிறது. இதய ஆபத்து காரணமாக 2010-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கிய மருந்து அது. 'யாரும் புகார் சொல்லவில்லை' என்ற பேச்சையும் நம்பாதீர்கள். எபெட்ரா விற்ற மெட்டபாலைப் நிறுவனம் அப்படித்தான் சொன்னது. பிறகு அதனிடமிருந்து வெளியே வந்த புகார்கள் 13,000-க்கும் மேல்.

குழந்தைகள் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குள் தரக்கூடாது என்று 2023-லேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. பெரிய பிள்ளைக்கு வாங்கிய பாட்டிலிலிருந்தே சின்னதுக்கும் அரை மூடி ஊற்றும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததற்குக் காரணமான கோல்ட்ரிப் சிரப் தயாரானது எங்கோ அல்ல, நம் பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சோதித்த மாதிரியில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால். சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் நச்சு. அனுமதி 0.1 சதவீதம்தான்.

கடைசியாக, நம் ஊரில் எல்லாரும் செய்வது: பில் வாங்காமல், வெட்டிய மாத்திரையைக் கவரில் வாங்கி வருவது. பேட்ச் எண் எந்தத் துண்டில் இருந்ததோ, அது கடையிலேயே நின்றுவிட்டது. நாளை ஏதாவது ஆனால் எந்தக் கம்பெனி மருந்து என்று எப்படிக் காட்டுவீர்கள்? முழு அட்டையாகக் கேளுங்கள், முடியாவிட்டால் அட்டையைப் போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு ஏதாவது ஆனால் மிச்சத்தைத் தூக்கிப் போடாமல் மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள், எதைச் சாப்பிட்டோம் என்பதைக் கேஸ் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தயாரிப்பாளர் மீதும், சில சூழல்களில் விற்றவர் மீதும் இழப்பீடு கேட்கலாம். வடசென்னைக்கென்றே மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.