விமானத்தில் சைக்கிள் கொண்டுபோகிறீர்களா? ட்யூப் போட்டுக்கொள்ளுங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில் தினமும் சைக்கிள் மிதிக்க எனக்கு ட்யூப்லெஸ், அதாவது உள்ளே ட்யூப் இல்லாத டயர்தான் பிடிக்கும். கம்பித்துண்டு குத்தினாலும் உள்ளிருக்கும் சீலன்ட் என்ற பசைத்திரவம் ஓட்டையை அடைத்துவிடும். ஆனால் விமானப் பயணம் என்றால் நான் ட்யூபுக்கு மாறிவிடுவேன்.

செக்-இன் கவுன்டரில் பெரும்பாலும் காற்றை இறக்கச் சொல்வார்கள். சரக்கு அறையிலும் காற்றழுத்தம் உண்டு, டயர் வெடிக்காது. ஆனாலும் அங்கே வாதாடிப் பயனில்லை. முழுக்க இறக்கினால் ட்யூப்லெஸ் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்று, சைக்கிள் வைத்த பெட்டியெல்லாம் சீலன்ட் வழியலாம். போய் இறங்கிய ஊரில் அந்த விளிம்பை ரிம்மில் மறுபடி உட்கார வைக்கக் கைப்பம்பு பல நேரம் போதாது, கம்ப்ரஸர் வேண்டும். டயரைச் சட்டென நிரப்பும் கார்பன் டை ஆக்சைடு குப்பியைப் பல விமானங்களில் ஏற்ற விடமாட்டார்கள். ட்யூப் என்றால் சின்னப் பம்பே போதும்.

மாற்றும்போது ட்யூப்லெஸ் வால்வைக் கழற்றி, சீலன்ட்டை நன்றாகத் துடையுங்கள். முக்கியமாக டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். சீலன்ட் அடைத்த இடங்களில் முள்ளும் கம்பியும் அப்படியே நிற்கும். புது ட்யூபை முதல் நாளே கிழித்துவிடும். கூடவே இரண்டு மாற்று ட்யூப், ஒட்டுப் போடும் சாமான், டயரை நெம்பிக் கழற்றும் டயர் லீவர் எடுத்துக்கொள்ளுங்கள்.