மண்வெட்டி இல்லாமல் பழைய தோட்டம் தேட

போர்வெல்லுக்கு நீரோட்டம் பார்ப்பது என் தொழில். வடசென்னையில் தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் தோட்டத்தோடு இருந்த பழைய பங்களா மனை கைமாறுகிறது என்று கேள்விப்பட்டால், உரிமையாளரிடம் அனுமதி கேட்டு அதே ரெசிஸ்டிவிட்டி மீட்டரோடு போய்விடுவேன். மண்ணுக்குள் மின்சாரம் விட்டு, மண் அதை எவ்வளவு தடுக்கிறது என்று எண்ணாகக் காட்டும் கருவி அது. அஸ்திவாரத்துக்கு மண் வாரிவிட்டால் நடைபாதை, பாத்தி, கிணறு எல்லாம் போயே போச்சு. அதற்குள் ஒரு வரைபடமாவது எடுத்துவிட வேண்டும்.

முதலில் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய நில அளவை வரைபடம் தேடுங்கள். கிணறு இருந்த இடம் ஒன்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

தண்ணீர் பார்க்கும்போது, மீட்டரோடு இணைத்து மண்ணில் ஊன்றும் கம்பிகளை அகட்டிக்கொண்டே போவோம்; அகட்ட அகட்ட ஆழம் தெரியும். தோட்டத்தின் மிச்சமோ பெரும்பாலும் மேல்மண்ணை ஒட்டியே கிடக்கும். அதனால் நான்கு கம்பியையும் ஒரே கோட்டில், அரை மீட்டர் இடைவெளியில் ஊன்றுங்கள். 10 மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டி, அரை மீட்டருக்கு ஓர் அளவு எடுத்தால் 400 அளவுகள். இடுப்பு ஒடியும்தான். ஆனால் இடைவெளியைக் கூட்டினால் ஒடுக்கமான பாதை தப்பிவிடும். கம்பி 5 சென்டிமீட்டருக்கு மேல் இறங்க வேண்டாம். போர்வெல் வேலையில் செய்வதுபோல் உப்புத் தண்ணீர் ஊற்றவே கூடாது. இவ்வளவு நெருக்கத்தில் அந்த ஈரத்தைத்தான் மீட்டர் காட்டும். மழை ஓய்ந்த தை மாதம் தோதான காலம்.

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்ட பாதை மின்சாரத்தை எளிதில் விடாது, எண் ஏறும். மணற்பாங்கான இடத்தில் செம்மண்ணும் எருவும் போட்ட குழி ஈரம் பிடித்திருக்கும், எண் இறங்கும். 25 அடிக்கு ஒன்றாக அப்படி வரிசையாக வந்தால் தென்னந்தோப்பாக இருக்கலாம். இப்போது நிற்கும் வேப்பமரமும் சுற்றிலும் ஈரத்தை உறிஞ்சி எண்ணை ஏற்றும். மரங்களையும் வரைபடத்தில் குறியுங்கள். மேலே கொட்டிய கட்டட இடிபாடு இருந்தால் முடிவை நம்பாதீர்கள்.

சரி, மண்ணுக்குள் ரேடியோ அலை அனுப்பிப் பார்க்கும் ரேடார் வைத்தால் சீக்கிரம் முடியாதா? கடலோர உவர்மண் ரேடார் அலையை விழுங்கிவிடும். காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானி சுட்ட செங்கல்லை நன்றாகவே காட்டும். ஆனால் இரும்பு கேட்டும் தெருவில் போகும் லாரியும் அதைக் குழப்பிவிடும். நம் பக்கத்துக்கு மீட்டர்தான் முதலில்.

எண்ணைப் பார்த்துவிட்டு ஆசையில் தோண்டாதீர்கள். அகழாய்வு தொல்லியல் துறையின் அனுமதியோடு நடக்க வேண்டியது. அப்புறம், சதுரத்தின் இரண்டு மூலைகளையாவது கோயில் சுவர், தெருமுனை என்று இடிபடாத இடத்திலிருந்து அளந்து எழுதிவையுங்கள். மனையில் அடுக்குமாடி எழும்பினாலும் பாதை ஓடிய இடத்தை அந்த அளவை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.