பயணத்தில் பண்ணை உணவகம்: தேடுவது, விசாரிப்பது, உண்பது

பண்ணையில் விளைவதைக் கொண்டே சமைக்கும் உணவகத்திற்குச் செல்பவர் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டியது, அங்கே என்ன உண்பது என்பதை நிலமும் பருவமுமே தீர்மானிக்கின்றன என்பதுதான். ஆலிஸ் வாட்டர்ஸ் 1971இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் தொடங்கிய ஷே பனீஸ் உணவகம், அன்றன்று நல்லதாகக் கிடைப்பதை வைத்து ஒரே மெனுவைத் தயாரித்து, வந்தவர் எல்லோருக்கும் அதையே பரிமாறிப் பெயர் பெற்றது. நியூயார்க் நகருக்கு வடக்கே ஒரு பண்ணைக்குள்ளேயே 2004இல் திறக்கப்பட்ட ப்ளூ ஹில் அட் ஸ்டோன் பார்ன்ஸ், பின்னாளில் அச்சிட்ட மெனுவையே கைவிட்டது. எல்லாப் பண்ணை உணவகங்களும் இவ்வளவு தூரம் போவதில்லை. ஆனாலும், விரும்பியதை விரும்பிய நேரத்தில் உண்ண வேண்டும் என்ற மனநிலையில் இருக்கும் நாளில் வேறு இடத்திற்குப் போவதே நல்லது.

தேடும்போது பெயர்ப்பலகையை நம்பிவிடக் கூடாது. பண்ணையிலிருந்து நேராக மேசைக்கு வருகிறது என்று எழுதிக்கொள்வதற்குப் பெரும்பாலான நாடுகளில் தகுதி வரையறை ஏதும் கிடையாது. இத்தாலி இதற்கு விலக்கு. அங்கே அக்ரிதுரிஸ்மோ என்ற பெயரில் விருந்தினரை ஏற்கும் பண்ணைகளுக்கு 1985 முதல் தனிச் சட்டம் இருக்கிறது; விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும் என்பதும், பரிமாறும் உணவில் ஒரு பங்கு சொந்த விளைச்சலாக இருக்க வேண்டும் என்பதும் அதன் விதிகளில் அடங்கும். மற்ற இடங்களில் என்ன நடக்கக்கூடும் என்பதற்கு, அமெரிக்காவின் டாம்பா பே டைம்ஸ் நாளிதழ் 2016இல் வெளியிட்ட புலனாய்வுத் தொடர் நல்ல சான்று. உள்ளூர் விளைபொருள் என்று எழுதியிருந்த உணவகங்களின் மெனுவை எடுத்துக்கொண்டு, அவற்றில் பெயர் குறிப்பிடப்பட்டிருந்த பண்ணைகளையே செய்தியாளர் விசாரித்தபோது, சில பண்ணைகள் அந்த உணவகங்களுக்கு எதையும் விற்கவில்லை என்பது தெரியவந்தது. உணவகங்களைத் தரப்படுத்தும் மிஷெலின் வழிகாட்டி 2020இல் அறிமுகப்படுத்திய பச்சை நட்சத்திரமும் சுற்றுச்சூழல் அக்கறையைப் பொதுவாகப் பாராட்டுவதே தவிர, தட்டில் இருப்பது எந்த வயலில் விளைந்தது என்பதற்கு உத்தரவாதம் அல்ல.

அந்தச் செய்தியாளர் செய்ததைப் பயணியும் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். உணவகம் தன் பண்ணைகளைப் பெயரும் ஊரும் சொல்லிக் குறிப்பிடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 'அருகிலுள்ள விவசாயிகளிடமிருந்து' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொண்டால் அது விளம்பர வாசகம்தான். பெயர் இருந்தால், அந்தப் பண்ணையின் இணையப் பக்கத்தில் இந்த உணவகத்தைப் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று தேடலாம். இதைவிட எளிய சோதனையும் ஒன்று உண்டு. வாடிக்கையாளர்கள் பதிவேற்றிய மெனுப் படங்களைத் தேதி பார்த்து, கோடையில் எடுத்தது ஒன்றும் குளிர்காலத்தில் எடுத்தது ஒன்றுமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அதே பதினெட்டு உணவுகள் அதே வரிசையில் இருந்தால், அந்தச் சமையலறைக்கு வருவது மொத்த வியாபாரியின் லாரி என்று ஊகிக்கலாம். அதே சமயம், குளிர்காலத் தட்டில் தக்காளி இருந்தாலே மோசடி என்று முடிவு கட்டவும் கூடாது. கண்ணாடிக் கூடாரத்தில் வளர்த்தது, கோடையில் உலர்த்தியது, புட்டியில் அடைத்து வைத்தது எல்லாம் பண்ணைச் சமையலில் அடங்கியவையே. காய்கறியும் முட்டையும் எங்களுடையவை, மாவும் எண்ணெயும் வெளியில் வாங்குகிறோம் என்று சொல்லும் உணவகத்தை, எல்லாமே எங்கள் மண்ணில் விளைந்தது என்று மார்தட்டும் உணவகத்தைவிட அதிகம் நம்பலாம்.

முன்பதிவு செய்யும்போதே ஒவ்வாமையையும் உணவுக் கட்டுப்பாட்டையும் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். ஒரே மெனு சமைக்கும் இடத்தில், உட்கார்ந்த பிறகு சொன்னால் மாற்றித் தருவதற்கு அவர்களிடம் வேறு பொருளே இருக்காது. சைவ உணவு உண்பவர் இன்னும் ஒரு படி மேலே போய், காய்கறி உணவுகளில் எலும்புச்சாறோ விலங்குக் கொழுப்போ சேர்ப்பார்களா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது; விலங்குகளையும் வளர்க்கும் பண்ணைகள் எதையும் வீணாக்குவதில்லை என்பதால், எலும்புச்சாறும் கொழுப்பும் எதிர்பாராத இடங்களில் சேர்ந்துவிடும். திரும்பி வரும் வழியையும் அப்போதே விசாரித்துவிட வேண்டும். இத்தகைய இடங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருக்கும், கடைசிப் பேருந்து சீக்கிரம் போய்விடும், வாடகைக் கார் அழைத்தாலும் வராமல் போகலாம். முதல் முறை செல்பவருக்கு மதிய உணவையே நான் பரிந்துரைப்பேன்; வெளிச்சத்தில் வயலைப் பார்க்கலாம், திரும்புவதும் சிக்கல் இல்லை. பண்ணையைச் சுற்றிக் காட்டுவார்கள் என்றால், சேறு பட்டாலும் கழுவிவிடக்கூடிய செருப்போ காலணியோ அணிந்து செல்லுங்கள்.

மேசையில் அமர்ந்தபின், எல்லாம் புதியதுதானா என்று கேட்பதில் பயனில்லை. ஆம் என்ற ஒரே பதில்தான் வரும். இன்று காலை பறித்தது எது என்று கேளுங்கள். உண்மையான பண்ணை உணவகத்தில் பரிமாறுபவர் தயங்காமல் ஒன்றிரண்டைச் சொல்வார், தெரியாவிட்டால் உள்ளே போய்க் கேட்டுவருவார். தேர்வு செய்யும் வாய்ப்பு இருந்தால் அந்தப் பதிலை வைத்தே தேர்வு செய்யலாம், ஏனெனில் பண்ணையின் அருகாமை எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவில் பயன் தருவதில்லை. இனிப்புச் சோளமும் பச்சைப் பட்டாணியும் பறித்த நேரத்திலிருந்தே தம் சர்க்கரையை இழக்கத் தொடங்குகின்றன. அதில் பெரும்பகுதி மாவுச்சத்தாக மாறிவிடும். எனவே காலையில் பறித்ததற்கும் மூன்று நாள் பயணம் செய்து வந்ததற்கும் உள்ள வேறுபாடு நாக்கிலேயே தெரியும். தக்காளியை ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல நாள் வைத்திருந்தால் மணம் குன்றிவிடும் என்பதால், குளிர்பெட்டியைக் காணாமல் செடியிலிருந்து சமையலறைக்கு வந்த தக்காளிக்குத் தனிச் சுவை உண்டு. கீரைகளும் மென்மையான பழங்களும் இதே வகை. மாறாக, உருளைக்கிழங்கு, வெங்காயம், பூசணி போன்றவை மாதக்கணக்கில் சேமித்தாலும் பெரிதாகக் கெடுவதில்லை. மாட்டிறைச்சியோ வெட்டிய அன்றைக்கு உண்பதைவிடக் குளிரில் சில வாரம் தொங்கவிட்டுப் பதப்படுத்திய பிறகே மென்மையாகிறது.

இலையில் பூச்சி அரித்த ஓட்டையோ கோணலான கேரட்டோ இருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். பல்லில் மண் நறநறத்தால் மட்டும் தயங்காமல் சொல்லிவிடுங்கள். அது சரியாகக் கழுவாத சமையலறையின் தவறு, அதற்குப் பண்ணையைக் காரணம் காட்ட முடியாது.

பண்ணையில் கிடைப்பதாலேயே ஓர் உணவு பாதுகாப்பானது ஆகிவிடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். காய்ச்சாத பாலும், அதிலிருந்து செய்த மென்மையான பாலாடைக்கட்டியும் லிஸ்டீரியா கிருமியைக் கொண்டிருக்கக்கூடும் என்பதால், கர்ப்பிணிகளும் முதியவர்களும் நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்களும் அவற்றைத் தவிர்ப்பதே சரி. ஆட்டையும் கன்றையும் தடவிக் கொடுத்த குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிட உட்கார வேண்டும். கிருமிநாசினி ஜெல்லை மட்டும் நம்பக் கூடாது.

பயணிகள் பெரும்பாலும் மறந்துவிடும் ஒன்று, அடுத்த நாட்டின் எல்லையில் காத்திருக்கும் கேள்வி. ஆஸ்திரேலியாவுக்குள் நுழைபவர் கடந்த 30 நாட்களில் பண்ணைக்கோ பண்ணை விலங்குகளின் அருகிலோ சென்றிருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவும் நியூசிலாந்தும் இதுபோன்ற தகவலைக் கேட்கின்றன. மதிய உணவுக்கு முன் தொழுவத்தைச் சுற்றிப் பார்த்ததும் இதில் சேரும். கால்நடைகளைத் தாக்கும் கோமாரி நோயின் வைரஸ் காலணியில் ஒட்டிய சேற்றுடன் நாடு கடந்துவிடும் என்பதே இந்தக் கெடுபிடிக்குக் காரணம். ஆகவே புறப்படுவதற்கு முந்தைய இரவே காலணியின் அடிப்பகுதியைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி உலர வையுங்கள். உணவக வாசலில் விற்கும் பாலாடைக்கட்டி, இறைச்சி, விதை ஆகியவற்றை, அடுத்துப் போகும் நாட்டின் விதியைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியேயுள்ள பெரும்பாலான நாடுகளிலிருந்து அங்கே செல்பவர் இறைச்சியையும் பால் பொருட்களையும் பெட்டியில் கொண்டுபோக முடியாது. எதையாவது எடுத்துச் செல்வதாக இருந்தால் எல்லையில் தரும் படிவத்தில் குறிப்பிட்டுவிடுங்கள். அப்படித் தெரிவித்த பொருளை அதிகபட்சம் பறிமுதல் செய்வார்கள். மறைத்தது தெரிந்தால் அபராதம் கட்ட நேரிடும்.