பயிற்றுநரின் கதிரையில் இருப்பது எப்படி

கராத்தே போட்டிகளில் விரிப்பின் ஓரமாகப் பயிற்றுநருக்கென்று ஒரு கதிரை போட்டிருப்பார்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக் கதிரை. உள்ளரங்கின் வெக்கையில் அரை மணி நேரம் இருந்தால் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கதிரையில் எப்படி இருப்பது என்று விளங்க எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. முதல் தடவை பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிப்போகிற இளம் பயிற்றுநர்களுக்கும், கூடவே வருகிற தாய் தகப்பன்மாருக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் திருகோணமலைக்காரி. பகலில் அலுவலகத்தில் கோப்புகளோடு மாரடிப்பு. மாலை ஐந்தரைக்குக் கடற்கரைக்குப் பக்கத்துச் சனசமூக நிலைய மண்டபத்தில் வகுப்பு. சிறியவர்கள் ரீச்சர் என்பார்கள், வளர்ந்தவர்கள் அக்கா என்பார்கள். ஆசிரியருக்கான ஜப்பானியச் சொல்லால் சென்செய் என்று கூப்பிட வைக்க ஒரு காலத்தில் முயன்றேன். சென்சி, சேன்சே, சஞ்சய் என்று விதவிதமாக வந்ததும் விட்டுவிட்டேன்.

போட்டிக்கான ஆயத்தம் விண்ணப்பப் படிவத்தில் தொடங்குவதில்லை, வணக்கத்தில் தொடங்குகிறது. ஒகினாவாவிலிருந்து 1922-இல் டோக்கியோவுக்குக் கராத்தேயைக் கொண்டுபோன ஃபுனாகோஷி கிச்சின், தன் இருபது நெறிகளில் முதலாவதாக வைத்தது இதைத்தான்: கராத்தே வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடியும். அவர் போட்டிகளில் நாட்டம் உள்ளவர் அல்லர். 1957-இல் காலமானார், ஜப்பான் கராத்தே சங்கம் தன் முதலாவது அகில ஜப்பான் போட்டியை நடத்தியதும் அதே வருடம்தான். இந்த ஒற்றுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் கூச்சமும் வரும்.

வணக்கத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது உடம்பின் ஒழுங்கை முதலில் கொடுங்கள். செய்சாவில், அதாவது முழங்கால் மடித்துக் குதிகால்மேல், அமரும்போது இடது முழங்கால் முதலில் கீழே போகும். எழும்பும்போது வலது கால் முதலில் வரும். கண்ணை மூடி மொகுசோ, சிறிது நேர அமைதி. பிறகு முன்பக்கத்துக்கு ஒரு ரெய் (வணக்கம்), ஆசிரியருக்கு ஒரு ரெய், ஒருவருக்கொருவர் ஒரு ரெய். இதெல்லாம் ஒரு வாரத்தில் வந்துவிடும். வராதது வேறொன்று. நம் வழக்கத்தில் மாணவன் காலில் விழுவான், குரு நிமிர்ந்து நின்று ஆசீர்வதிப்பார். வெற்றிலையும் தட்சணையும் ஒரு பக்கமாகத்தான் போகும். கராத்தேயில் அப்படியில்லை. மாணவன் குனியும்போது ஆசிரியரும் குனிய வேண்டும். வகுப்பு எடுக்கிறவர்களில் பாதிப்பேர் இதைச் செய்வதில்லை; மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டு "தொடங்குங்கள்" என்பார்கள். பிள்ளைகள் அதைக் கவனிப்பார்கள்.

எங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு. என் வரிசையில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் எல்லோரும் நிற்கிறார்கள். ஒருமுறை ஒரு தகப்பன் வந்து, மிகவும் மரியாதையாகவே கேட்டார்: "ரீச்சர், இந்தக் குனிவது வழிபாடு மாதிரியா?" நான் விளக்கம் சொல்லவில்லை. ஒரு வகுப்பை இருந்து பார்க்கச் சொன்னேன். அவருடைய ஏழு வயது மகள் எனக்குக் குனிந்ததும், அவளுக்கு நானும் அதே அளவு குனிந்ததும் அவர் கண்ணில் பட்டன. நின்றபடி வணங்குவதில் தனக்கு ஆட்சேபனை இல்லை, தரையில் நெற்றி படக்கூடாது என்றார். சரி என்றேன். போட்டி விரிப்பில் கேட்பதும் நின்றபடி இடுப்பிலிருந்து ஒரு சிறு குனிவுதான். பெரிய பெண்பிள்ளைகளுக்கு, உலகக் கராத்தே சம்மேளனம் அங்கீகரித்த கறுப்பு முக்காடு இருக்கிறது. இப்படியான பேச்சையெல்லாம் போட்டிக்கு முதல் நாள் வைக்காதீர்கள். சேரும் நாளிலேயே பேசிவிடுங்கள்.

அடுத்தது பை. நகம் வெட்டியிருக்க வேண்டும், கைவிரலும் கால்விரலும். தோடு, சங்கிலி, உலோகக் கிளிப் எதுவும் கூடாது. மூக்குக் கண்ணாடியோடு மோத விடமாட்டார்கள். இதில் எனக்கு அதிகம் தலையிடி தந்தது மணிக்கட்டுக் கயிறு. கோணேசர் கோவிலிலோ பத்திரகாளி அம்மன் கோவிலிலோ கட்டிய நூல், தாய் நேர்ந்து கட்டியது. பரிசோதனை மேசையில் முன்பின் தெரியாத ஒருவர் கத்தரிக்கோலை எடுத்ததும் பிள்ளை விம்மத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு அது எங்கே மோதுவது? ஒரு வாரம் முன்பே தாயிடம் சொல்லுங்கள். வீட்டில் சாமிப்படத்துக்கு முன்னால் அவரே கழற்றி, சிறு கடதாசியில் சுற்றிப் பையின் உள்பக்கத்தில் வைக்கட்டும். போட்டி முடிந்ததும் மறுபடி கட்டலாம்.

நிறைப்பிரிவுக்காகப் பட்டினி போடாதீர்கள். 14, 15 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு 47 கிலோ, 54 கிலோ என்று எல்லை இருக்கும். 47.6 கிலோ உள்ள பிள்ளையை இரண்டு நாள் தண்ணீர் குடிக்கவிடாமல் கீழ்ப்பிரிவில் இறக்குகிற பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அவர் செய்வது துரோகம். மேல்பிரிவில் தோற்றால் தோற்கட்டும்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொழும்பில் போட்டியென்றால் இரவு ரயில்தான் நல்லது. கல்லோயாச் சந்தி வரும் முன்பே சின்னதுகள் தூங்கிவிடும். தண்டவாளத்தில் யானை நின்று ரயில் தாமதித்தால் அதற்கும் தயாராக இருங்கள். விடியப் போய் இறங்கியதும் நேரே நிறை பார்க்க ஓடுகிற மாதிரித் திட்டம் போடாதீர்கள். இடியப்பப் பொதி போதும், சொதி வேண்டாம். உடுப்புப் பையில் சொதி ஊற்றினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

பெற்றோருக்கு விதியை முன்கூட்டியே விளங்கப்படுத்துங்கள். பாதிச் சத்தம் விளங்காததால் வருவது. இருவர் மோதும் குமித்தேயில் குத்துக்கு ஒரு புள்ளி, உடம்பில் விழும் உதைக்கு இரண்டு, தலை உயரத்துக்குப் போகும் உதைக்கு மூன்று. விழுத்திவிட்டு உடனே முறையாக அடித்தாலும் மூன்று. எட்டுப் புள்ளி வித்தியாசம் வந்தால் அத்தோடு முடிவு. முதலில் தனியாகப் புள்ளி எடுத்தவருக்குச் 'சென்ஷு' என்ற முன்னுரிமை கிடைக்கும். சமநிலையில் முடிந்தால் அவரே வென்றவர். சிறுவர் பிரிவில் முகத்துக்குப் போகும் கை அல்லது கால், படாமல் நிற்க வேண்டும். பட்டால் தண்டனை. "ஏன் அடிக்காமல் நிறுத்தினாய்?" என்று பிள்ளையை ஏசும் தகப்பனுக்கு இந்த ஒரு விதியை மூன்று தடவை சொல்லுங்கள்.

காத்தா, அதாவது எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்யும் அசைவுகள், ஆடும் சிறுவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. தொடக்கக் காத்தாவான ஹெய்யான் ஷோடானில் 21 அசைவுகள், இரண்டு கியாய் (உரத்த முழக்கம்), தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். இடையில் மறந்துவிட்டால் ஓடிவரக்கூடாது. நேராக நின்று, வணங்கி, நடந்து வெளியே வரவேண்டும். மறந்த பிறகு எப்படி வெளியேறுவது என்பதையும் மண்டபத்திலேயே பயிற்சி கொடுங்கள்; நான் ஒவ்வொரு பிள்ளையையும் வேண்டுமென்றே ஒருமுறை மறக்க வைக்கிறேன்.

மோதலுக்கு முன் பட்டியை நீங்களே கட்டிவிடுங்கள். போட்டியில் அவரவர் தரத்துப் பட்டி கிடையாது, சிவப்பு அல்லது நீலம் மட்டும். பிள்ளையின் முன்னால் முழங்காலிட்டு, பட்டியின் நடுவைத் தொப்புளுக்கு நேரே வைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சை இறுக்கும்போது இரண்டு நுனியும் ஒரு சாண் அளவு சமமாகத் தொங்குகின்றனவா என்று பாருங்கள். அப்போது பிள்ளையின் வயிறு துடிப்பது உங்கள் விரலுக்குத் தெரியும். அந்த நேரத்தில் உத்தி எதுவும் சொல்லாதீர்கள். "மூச்சை விடு" என்றால் போதும்.

இனிக் கதிரை.

சில வருடங்களுக்கு முன் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கூட்டிப்போயிருந்தேன். எதிராளி முதலில் ஒரு புள்ளி எடுத்தான். இவன் பதறாமல் ஒவ்வொன்றாகச் சேர்த்து நான்குக்கு ஒன்று என்று முன்னே வந்துவிட்டான். முடிய ஏழு வினாடி இருக்கும்போது எதிராளியின் கால் இவன் காதுப்பக்கம் வந்து நின்றது. மூன்று புள்ளி. நான்குக்கு நான்கு. சென்ஷு எதிராளியிடம். தோல்வி.

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். கால் முகத்தில் பட்டது, அது புள்ளியல்ல, தண்டனை கொடுக்க வேண்டும் என்று பக்கத்துக் கதிரைப் பயிற்றுநரிடம் கையை வீசிக் கத்திக்கொண்டிருந்தேன். பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. அடுத்த நாள் அவன் அம்மா கைபேசியில் எடுத்த காணொளியில்தான் பார்த்தேன். அவன் எதிராளிக்கு வணங்குகிறான். மத்தியஸ்தருக்கு வணங்குகிறான். திரும்பி என் பக்கம் வணங்குகிறான். கதிரை வெறுமையாக இருக்கிறது, நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அவன் நிமிர்ந்து, இரண்டு வினாடி காத்திருந்து, இன்னொருமுறை குனிகிறான். பிறகு தலைக்கவசத்தைத் தானே கழற்றிக்கொண்டு போகிறான்.

திங்கட்கிழமை வகுப்பில் அவனை முன்னால் அழைத்து, எல்லோரும் பார்க்க நான் முதலில் குனிந்தேன். அவன் பதிலுக்குக் குனிந்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "ரீச்சர், அந்த உதை எனக்குப் படவில்லை. அதைச் சொல்லத்தான் நின்றேன்."

அன்றிலிருந்து நான் கதிரையில் கடைப்பிடிப்பவை இவை. மோதல் நடக்கும்போது என் இரண்டு கையும் தொடைமேல் இருக்கும். சொல்வது மூன்றே சொற்கள்: தூரம், மூச்சு, கை. மூன்றுக்கும் என்ன அர்த்தம் என்று மண்டபத்திலேயே பேசி வைத்திருப்போம். எதிராளியைப் பற்றி ஒரு சொல்லும் வராது. மத்தியஸ்தரின் முடிவு வந்ததும் எழுந்து நின்று, பிள்ளை திரும்பும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் குனிந்தால் நானும் குனிவேன், வென்றாலும் தோற்றாலும் ஒரே அளவு. எதிர்ப்பக்கப் பயிற்றுநருக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு வரச்சொல்வேன். பலர் கைகொடுப்பார்கள், கொடுக்காதவர்களும் உண்டு, அது அவர்கள் பாடு.

முறைப்பாடு இருந்தால் அதற்கு வழி இருக்கிறது. போட்டியாளர் வாய்திறக்கக்கூடாது, பயிற்றுநர் எழுத்தில் கொடுக்க வேண்டும், கட்டணமும் கேட்பார்கள். பேனாவை எடுத்து எழுத உட்கார்ந்தாலே பாதிக் கோபம் போய்விடும். மீதிக் கோபம் நியாயமானதென்றால் கொடுங்கள்.

தோற்ற பிள்ளையிடம் அரை மணி நேரம் பிழை திருத்த வேண்டாம். தண்ணீர், வாழைப்பழம், பக்கத்தில் ஓர் இடம். பெற்றோரே, நீங்களும்தான். ரயிலில் முழு வழியும் மகனுக்கு விரிவுரை நடத்திய ஒரு தகப்பனை அடுத்த போட்டிக்கு வரவேண்டாம் என்று சொன்னேன். கோபித்தார். மகன் மட்டும் வந்தான்.

திரும்பி வந்த முதல் வகுப்புக்குப் பதக்கத்தைக் கொண்டுவர விடமாட்டேன், வெள்ளிக்கிழமைதான் கொண்டுவரலாம். திங்களன்று தோற்றவர்களுக்கே முன்வரிசை. எந்த அடியில் தோற்றார்களோ அதை அவர்களே எல்லோருக்கும் செய்துகாட்ட வேண்டும். அந்த ஏழாவது வினாடி உதையை எங்கள் மண்டபத்தில் இப்போது இருபது பிள்ளைகளுக்குச் சுத்தமாகப் போடத் தெரியும். சொல்லிக்கொடுத்தவன் அந்தப் பையன்தான்.

எனக்குக் கற்றுத்தந்த சேர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து நேரே வந்து, நாங்கள் வரும் முன்பே மண்டபத்தைத் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டிருப்பார். நீங்கள் கூட்டுங்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. எங்களுக்குத்தான் வெட்கமாகி, அவருக்கு முந்தி வரத் தொடங்கினோம்; அவர் அதற்கும் முந்தி வந்தார். கடைசியில் நாலே முக்காலுக்கே மண்டப வாசலில் நிற்கும் நிலைமை. நானும் இப்போது ஐந்து மணிக்கே போய்விடுகிறேன். நேற்று, நான் போய்ச் சேரும்போது ஒரு சின்னது, தன்னைவிட உயரமான தும்புத்தடியோடு கடல் மணலைக் கதவுப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.